மேற்கோள் குறிக்குள் என் சித்தப்பா

47 விநாடி ஓடும் வீடியோ அது. முதல் சில விநாடிகளுக்குக் கற்கள் மட்டும்தான். கல்லாறு என்று சும்மா பேர் வைக்கவில்லை. யானைக்குட்டிகள் படுத்துக் கிடப்பதுபோல வழுவழுப்பான பாறைகள், நடுவே முழங்கால் ஆழத்துக்கு ஓடும் தண்ணீர். பிறகு கேமரா இடது பக்கம் திரும்பும். ஒரு கல்லின் மேல், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். உதடுகள் அசையும். என்ன சொல்கிறார் என்று கேட்காது. படம் பிடிப்பவரின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்கும்: “நோக்கடா, இங்ஙோட்டு நோக்கு.” அவர் நிமிர்ந்து பார்ப்பார். பயந்திருப்பார். அந்த முகத்தோடு வீடியோ முடியும்.

அது என் சித்தப்பா.

2018 ஜனவரி கடைசி அது. வீட்டு ஜன்னல்களில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டிப் பிள்ளை பிடிக்கிறார்கள் என்ற புரளி கேரளம் முழுக்கப் பற்றி எரிந்துகொண்டிருந்த நாட்கள். பொன்முடிக்குப் போகும் சாலையில், விதுரையைத் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குவதற்கு முன்னால் இருக்கிற சின்ன ஊர் கல்லாறு. அங்கே அறிமுகமில்லாத ஓர் ஆள், அதுவும் தனக்குத்தானே பேசிக்கொண்டு, ஆற்று நடுவில் உட்கார்ந்திருந்தால் என்ன நினைப்பார்களோ அதையே நினைத்தார்கள். வீடியோவின் கீழே எழுதியிருந்தது மலையாளத்தில் இரண்டே வார்த்தை: ஜாக்கிரதை என்று பொருள்படும் சூக்ஷிக்குக, பிள்ளை பிடிக்கிறவன் என்று பொருள்படும் இன்னொன்று. சாயங்காலத்துக்குள் அது நாகர்கோவிலில் இருக்கும் எங்களுக்கே வந்து சேர்ந்துவிட்டது.

அன்று அவரைக் காப்பாற்றியவர், பாலத்துக்குப் பக்கத்தில் சாயாக்கடை வைத்திருந்த ஓர் அம்மாள். கூடியிருந்த ஏழெட்டுப் பேரை விலக்கிக்கொண்டு வந்து, கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டிருக்கிறார்: “அண்ணன்டெ பேரெந்தா?” சித்தப்பா பேர் சொன்னார். அப்பா பேர், தெருப் பேர், கதவிலக்கம், பின்கோடு வரைக்கும் சொன்னார். 22 வருஷம் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவர், எதையும் பாதியில் விடமாட்டார். அந்த அம்மாள் அதை ஒரு பீடிக்கட்டுத் தாளில் குறித்துக்கொண்டு, ஒரு சாயா கொடுத்து உட்கார வைத்துவிட்டு, காவல் நிலையத்துக்குப் போன் செய்தார். ராத்திரி 11 மணிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, கடை பெஞ்சில் உட்கார்ந்து பழைய மலையாள வார இதழ் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

இதைச் சித்தப்பாவின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அவருக்கு சிசோஃப்ரினியா. அதைச் சொல்லலாம் என்றார், பேர் வேண்டாம் என்றார். எழுதியதை அச்சுக்குப் போகும் முன்னால் தன்னிடம் காட்ட வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. காட்டினேன். சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

முதல் திருத்தம் மூன்றாவது வரியிலேயே விழுந்தது. ‘என் சித்தப்பா காணாமல் போனார்’ என்று எழுதியிருந்தேன். ‘காணாமல்’ என்ற வார்த்தையை அடித்துவிட்டு, ‘போனார்’ என்பதை மட்டும் விட்டு வைத்தார்.

“நான் எங்கயும் காணாமப் போகல மக்ளே. எனக்கு என்னைத் தெரிஞ்சுதானே இருந்துது? வடசேரியில திருவனந்தபுரம் பஸ் ஏறுனேன். தம்பானூர்ல இறங்கினா, பொன்முடின்னு போர்டு வச்சு ஒரு பஸ் நிக்கி. பேரு நல்லாருந்துது, ஏறுனேன். வழியில ஆத்தப் பாத்தேன், இறங்குனேன். நீ போன வருஷம் யார்ட்டயும் சொல்லாம மேகமலைக்குப் போயிட்டு வந்தியே, உன்னக் காணலைன்னு யாராம் நோட்டீஸ் அடிச்சாங்களா?”

அடிக்கவில்லை. அவருக்கு அடித்தோம். அவர் போன அன்று மத்தியானமே, ‘காணவில்லை, சற்று மனநிலை சரியில்லாதவர்’ என்று போட்டோவோடு நானே தயார் செய்து எல்லாருக்கும் அனுப்பினேன். அந்த நாட்களில் அவர் மாத்திரை எடுக்கவில்லை, ராத்திரி தூங்கவில்லை, நாங்கள் பயந்தது வீண் பயம் இல்லை. இருந்தாலும், அந்தப் பயணத்தைப் பற்றி அவர் என்ன சொல்கிறார் என்று நான் கேட்டது ஆறு வருஷம் கழித்து, இந்தக் கட்டுரைக்காக உட்கார்ந்தபோதுதான். வீடியோ எடுத்தவனும் அவரைக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அட்டப்பாடியிலிருந்து வந்த படம்

அடுத்த மாதம், பிப்ரவரி 22. என் போனுக்கு இன்னொரு படம் வந்தது. கைகளைச் சேர்த்துக் கட்டி நிறுத்தப்பட்ட ஒரு மெலிந்த இளைஞர். கிழிந்த சட்டை. அவருக்கு முன்னால் நின்று தன்னையும் சேர்த்துப் படமெடுத்துக்கொள்ளும் ஒருவன். பாலக்காடு மாவட்டம் அட்டப்பாடியில், அரிசியும் சாமானும் திருடினார் என்று சொல்லிக் காட்டிலிருந்து பிடித்து வந்து அடித்துக் கொல்லப்பட்ட பழங்குடி இளைஞர் மது. மனநலம் குன்றி, வீட்டை விட்டு விலகி, காட்டுக் குகையில் தனியாக வாழ்ந்து வந்தவர் என்று பிறகு எல்லாரும் எழுதினார்கள். உயிரோடு இருந்தபோது எடுத்த அவர் படங்களில் உலகம் பார்த்தது அந்த ஒன்றைத்தான். அதை எடுத்தவர்கள் அவரை அடித்தவர்கள்.

நான் அந்தப் படத்தைப் பார்த்தபோது கல்லாற்றுக் கற்கள்தான் கண்ணுக்குள் வந்தன. ஒரு சாயாக்கடை அம்மாள் இடையில் வராமல் இருந்திருந்தால்?

மதுவின் அம்மாவும் தங்கையும் ஐந்து வருஷம் நீதிமன்றத்துக்கு நடந்தார்கள். சாட்சிகள் வரிசையாகப் பிறழ்ந்தார்கள். 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு சிறப்பு நீதிமன்றம் 16 பேரில் 14 பேரைக் குற்றவாளிகள் என்றது. 13 பேருக்கு 7 வருஷக் கடுங்காவல். தீர்ப்பு வந்த அன்றும் பல இடங்களில் செய்தியோடு போட்ட படம் எது? கை கட்டப்பட்ட அதே படம். கொலைகாரர்களின் கேமரா எடுத்ததை, நியாயம் கேட்கும் செய்தியும் தன் முகப்பாக வைத்துக்கொண்டது. மனம் பொறுக்காமல்தான் போட்டிருப்பார்கள், அது எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்த மனிதனிடம் கேட்டிருந்தால் இந்தப் படத்தைப் போடுங்கள் என்று சொல்லியிருப்பானா?

அதே 2018 மே மாதம் தமிழ்நாட்டில் பழவேற்காட்டில், பிள்ளை பிடிக்க வந்தவர் என்று சந்தேகித்து ஒருவரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். அவரும் மனநலம் பாதித்தவர் என்றே சொல்லப்பட்டது. அவர் பேர் என்ன என்று செய்தியில் இல்லை.

போலீஸார் தெரிவித்தனர்

சித்தப்பாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. பேப்பரில் மனநோய் பற்றி எந்தச் செய்தி வந்தாலும் பேனாவால் மேற்கோள் குறிகளை வட்டம் போடுவார். எதற்கு என்று நான் கேட்டதில்லை. இந்தக் கட்டுரைக்காகக் கேட்டேன். ஒரு கட்டு நறுக்குகளை எடுத்து வந்து விரித்தார்.

“பாரு. ‘போலீஸார் தெரிவித்தனர்’. இது ஒண்ணு. ‘அக்கம்பக்கத்தினர் கூறினர்’. ‘டாக்டர் சொன்னார்’. ‘உறவினர்கள் கண்ணீருடன் தெரிவித்தனர்’. எல்லாவனுக்கும் கொட்டேஷன் உண்டு. யாரப் பத்திச் செய்தியோ அவன் வாயிலயிருந்து ஒரு வரி? தேடு, நீயே தேடு.”

தேடினேன். ‘மனநலம் பாதித்த வாலிபர் அட்டகாசம்’, ‘மனநோயாளி வெறிச்செயல்’, கொலை என்றால் கட்டாயம் ‘சைக்கோ’. ஒரு மனிதர் செல்போன் கோபுரத்தில் ஏறினார், ஒருவர் பஸ்ஸை மறித்தார், ஒருவர் கோயில் வாசலில் கல்லெறிந்தார். ஏன் ஏறினார், எதற்காக மறித்தார் என்று ஒருவரும் அவரைக் கேட்கவில்லை. இறங்கி வந்த பிறகு, பத்து நாள் கழித்து, மருந்து வேலை செய்து தெளிந்த பிறகாவது போய்க் கேட்டார்களா என்றால் அதுவும் இல்லை. ‘மனநோயாளி’ என்ற சொல்லே காரணமாகவும் விளக்கமாகவும் ஆகிவிடுகிறது. அதற்கு மேல் நிருபர் விசாரிக்க வேண்டியதில்லை.

மனநோய் உள்ளவர்கள் அடிப்பதைவிட அடி வாங்குவதே அதிகம் என்று மனநல மருத்துவர்கள் பல காலமாகச் சொல்லிவருகிறார்கள். தலைப்புகளைப் படித்தால் நேர் மாறாகத் தோன்றும். நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்தி 2016இல் வெளியிட்ட தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, 18 வயது கடந்தவர்களில் நூற்றுக்கு 10.6 பேருக்கு அந்தச் சமயத்தில் ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது. பத்துப் பேரில் ஒருவர். நம் தெருவில், நம் ஆபீசில், இந்தப் பத்திரிகையைப் படிப்பவர்களில். இத்தனை பேரில் ஒருவர்கூடத் தன் வாயால் பேசாத செய்தி எந்த ஊர்ச் செய்தி?

இதில் உயிர் போகும் விஷயமும் இருக்கிறது. 2012 ஆகஸ்டில், பீகாரிலிருந்து வந்த ஒரு சட்ட மாணவர் கொல்லம் மாவட்டத்தில் ஓர் ஆசிரம மேடையை நோக்கிப் பாய்ந்தார் என்று பிடிபட்டார். முதல் செய்திகளில் அவர் தாக்க வந்தவர், சந்தேகத்துக்குரியவர். மனநோய்க்குச் சிகிச்சை எடுத்துவந்தவர், வீட்டிலிருந்து போய்விட்டவர் என்று குடும்பத்தார் சொன்னார்கள். சில நாட்களுக்குள் திருவனந்தபுரத்து மனநல மையத்தில் உடலெங்கும் காயங்களோடு இறந்து போனார். மேடையை நோக்கி ஓடியபோது அவர் மனத்தில் என்ன இருந்தது என்பது அவரோடு போயிற்று.

ஏர்வாடியை மறக்க முடியுமா? 2001 ஆகஸ்ட் 6 விடிகாலையில் அங்கே ஒரு மனநலக் காப்பகத்தின் ஓலைக் கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே அந்த வழக்கைக் கையில் எடுத்தது. விசாரணைக் கமிஷன் வந்தது. அது போன்ற காப்பகங்கள் மூடப்பட்டன. நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்தேன். பேப்பரில் வந்த சங்கிலிப் படங்களைச் சித்தப்பா கண்ணில் படாமல் அம்மா மடித்து மடித்து ஒளித்து வைத்தாள். அவர் எப்படியோ பார்த்துவிட்டார். அன்று ராத்திரி தூங்காமல் முற்றத்தில் நடந்துகொண்டே இருந்தார். மிஞ்சிப் பிழைத்தவர்கள் அந்த விடிகாலையைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று அப்போது படித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

சட்டம் இருக்கிறது. 2017ஆம் வருஷத்து மனநல பராமரிப்புச் சட்டத்தின் 24ஆவது பிரிவு, மனநல நிலையத்தில் சிகிச்சை பெறுபவரின் போட்டோவையோ வேறு விவரத்தையோ அவருடைய சம்மதம் இல்லாமல் ஊடகத்துக்குக் கொடுக்கக் கூடாது என்கிறது. கவனியுங்கள், குடும்பத்தின் சம்மதம் என்றோ டாக்டரின் சம்மதம் என்றோ சொல்லவில்லை. அவருடைய சம்மதம். 95ஆவது பிரிவு சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. இந்தியப் பத்திரிகை கவுன்சில் 2019 செப்டம்பரில், தற்கொலைச் செய்திகளையும் மனநோய்ச் செய்திகளையும் எப்படி எழுதுவது என்று வழிமுறைகளை ஏற்றுக்கொண்டபோது இந்த 24ஆவது பிரிவையும் நினைவூட்டியது.

ஆனால் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2018 மே மாதக் கடைசியில். கல்லாற்று வீடியோ ஜனவரி. மே மாதத்துக்குப் பிறகு எடுத்திருந்தாலும் என்ன ஆகியிருக்கும்? சித்தப்பா அப்போது ஆஸ்பத்திரியில் இல்லையே, ஆற்றில்தானே இருந்தார். கல்லின் மேல் உட்கார்ந்திருப்பவனுக்கு அந்தப் பிரிவு காவல் இல்லை.

ஊளம்பாறை, குதிரவட்டம், கீழ்ப்பாக்கம்

தம்பானூரிலிருந்து நெடுமங்காடு வழியாகக் கல்லாறு போகும் பஸ், பேரூர்க்கடையைத் தாண்டித்தான் போகும். அதை ஒட்டித்தான் ஊளம்பாறை. 1870இல் திருவிதாங்கூர் ராஜ்யம் தொடங்கிய மனநல ஆஸ்பத்திரி இன்றும் அங்கே நடக்கிறது. எங்கள் மாவட்டம் 1956 வரைக்கும் திருவிதாங்கூரோடு இருந்தது என்பதால், ‘ஊளம்பாறைக்கு அனுப்பணும்’ என்ற வசவு எல்லை மாறிய பிறகும் எங்களோடு வந்துவிட்டது. வடக்கே போனால் அது குதிரவட்டம், சென்னையில் கீழ்ப்பாக்கம். நோயைத் தீர்க்கக் கட்டிய இடங்களின் பேர்கள் எல்லாம் கெட்ட வார்த்தையாகிவிட்டன. ஒரு தாய் தன் மகனை அங்கே கூட்டிப் போகத் தயங்கினால், பாதித் தயக்கம் அந்த வார்த்தையால்தான்.

குதிரவட்டம் பப்பு என்ற நடிகரைத் தமிழர்களும் பார்த்திருப்பார்கள். பத்மதளாக்ஷன் என்ற தன் சொந்தப் பேரை விட்டு, 1964இல் வந்த பார்கவி நிலையத்தில் ஏற்ற பாத்திரத்தின் பேரையே அவர் வாழ்நாள் முழுக்க வைத்துக்கொண்டார். அந்தப் பேரைப் போட்டவர் படத்தை எழுதிய வைக்கம் முகம்மது பஷீர். பஷீரே மனநோய்க்குச் சிகிச்சை எடுத்தவர். 1954இல் திருச்சூரில் ஒரு வைத்தியரின் மனநோய் சிகிச்சை இல்லத்தில் இருந்துகொண்டு பாத்துமாவின் ஆடு நாவலை எழுதினார். 1959இல் புத்தகமாக வந்தபோது, அங்கே இருந்து எழுதியது என்பதை முன்னுரையில் அவரே விளக்கிச் சொன்னார். மறைக்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. வீடு நிறைய மனிதர்களும் ஆடும் கோழியும் சண்டையும் சிரிப்பும் நிரம்பிய அந்த நாவலைத் தமிழில் படித்த யாரும் அதை ஒரு நோயாளியின் எழுத்து என்று நினைக்க மாட்டார்கள். நோயாளியின் எழுத்துதான் அது.

கேரளத்தில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஒன்று உண்டு. 1892இல் வந்த விவேகானந்தர், இங்கே நிலவிய சாதிக் கொடுமையைப் பார்த்து இது பைத்தியக்கார விடுதி என்றார் என்பது. மேடைதோறும் சொல்வார்கள். அவர் கோபம் நியாயமானது. ஆனால் தீண்டாமை பார்த்தவர்களுக்கு எந்த மனநோயும் இல்லை. நன்றாகத் தூங்கி, நன்றாகச் சாப்பிட்டு, தெளிந்த புத்தியோடு அதைச் செய்தார்கள். அவர்கள் செய்த பாவத்தையும் ஆஸ்பத்திரியில் இருப்பவன் தலையிலேயே கட்டிவிடுகிறோம். இன்றும் அரசியல்வாதி ஒருவர் இன்னொருவரைத் திட்ட, ‘மனநோயாளி போலப் பேசுகிறார்’ என்கிறார். நாமும் அப்படியே அச்சடிக்கிறோம்.

வார்த்தைகளைப் பற்றிச் சித்தப்பாவுக்கு வலுவான அபிப்பிராயங்கள் உண்டு. சிசோஃப்ரினியாவுக்குத் தமிழில் மனச்சிதைவு என்கிறோம். கட்டுரையில் இரண்டு இடத்தில் எழுதியிருந்தேன், இரண்டையும் அடித்தார். “சிதைஞ்சு போச்சுன்னா அப்புறம் என்ன மிச்சம் இருக்கு? நான் உட்காந்து உனக்குப் புரூஃப் பாக்கேன்லா?” இதைச் சொன்ன முதல் ஆள் அவர் இல்லை. ஜப்பானில் அந்த நோய்க்கு மனம் பிளந்த நோய் என்று பொருள்படும் பேர்தான் இருந்தது. நோயுள்ளவர்களின் குடும்பத்தார் சங்கம் விடாமல் கேட்டுக்கொண்டதால், 2002இல் மருத்துவர் சங்கமே பேரை மாற்றியது. மனத்தின் ஒருங்கிணைப்பு தளர்ந்த நிலை என்பது புதுப் பேரின் பொருள். அதன் பிறகு, உங்களுக்கு இன்ன நோய் என்று நோயாளியிடமே சொல்லும் டாக்டர்களின் எண்ணிக்கை கூடியது. வாயில் வைத்துச் சொல்லக் கூடிய பேர் கிடைத்தவுடன் பேச்சு தொடங்கியது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். தமிழில் நாம் இதை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

‘மனநோயாளி’ என்ற சொல்லிலும் அவருக்குச் சம்மதம் இல்லை. “ஆஸ்பத்திரி பெஞ்சுல டோக்கன் வச்சுக்கிட்டு இருக்கும்போது நான் நோயாளி. சரி. கொல்லையில வாழைக்குத் தண்ணி விடும்போதும் நோயாளியா?” மனநோய் உள்ளவர் என்று போடச் சொன்னார். போட்டிருக்கிறேன்.

சினிமா பேசியது

செய்தித்தாளைவிடப் பெரிய பள்ளிக்கூடம் சினிமா. மணிச்சித்திரத்தாழு 1993இல் வந்தது. சில காட்சிகளை எங்கள் ஊருக்குப் பக்கத்துப் பத்மநாபபுரம் அரண்மனையில்தான் எடுத்தார்கள். ஷோபனா நடித்து தேசிய விருது வாங்கிய அந்தப் படம் தமிழில் 2005இல் சந்திரமுகியாக வந்து, ஒரு தலைமுறைக்கே மனநோய் என்றால் கண்ணை உருட்டுவதும் குரல் மாறுவதும் என்று ஆகிப் போனது. நல்ல படம், நானும் பத்துத் தடவை பார்த்திருப்பேன். பேய் இல்லை, நோய் என்று சொன்னதற்காக அதைப் பாராட்டவும் வேண்டும். ஆனால் கங்கா என்ற அந்தப் பெண்ணுக்கு என்ன நடக்கிறது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும், அவளுக்கு மட்டும் தெரியாது. வைத்தியம்கூட அவளை ஏமாற்றித்தான் நடக்கிறது. அவள் பக்கத்திலிருந்து அந்தக் கதை எப்படி இருக்கும் என்று படம் கேட்கவில்லை.

அதற்கு ஆறு வருஷம் முன்னால், 1987இல், லோகிததாஸ் எழுதி சிபி மலையில் எடுத்த தனியாவர்த்தனம் அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தது. மாமாவைச் சங்கிலியில் கட்டி வைத்திருக்கும் ஒரு பழைய குடும்பம். அவர் இறந்த பிறகு, அடுத்தது மருமகன்தான் என்று ஊர் முடிவு செய்கிறது. மம்மூட்டி நடித்த அந்தப் பள்ளி ஆசிரியர் முதலில் நல்ல சுகத்தோடுதான் இருக்கிறார். பார்க்கிற கண்கள்தான் ஒவ்வொரு நாளும் அவரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுகின்றன. சிரித்தால் ஒரு அர்த்தம், கோபப்பட்டால் ஒரு அர்த்தம், சும்மா இருந்தாலும் ஒரு அர்த்தம். சித்தப்பா அந்தப் படத்தை ஒரே ஒரு தடவை திருவனந்தபுரத்தில் பார்த்தார். “அதுல கடைசி வரைக்கும் அவன் பேசிக்கிட்டேதான் இருக்கான் மக்ளே. ஒருத்தனுக்கும் காது இல்ல” என்றார். இத்தனை விமர்சனம் படித்த எனக்கு இந்த ஒரு வரி தோன்றியதில்லை.

சினிமாக்காரர்கள் மாறவில்லை என்று சொல்ல முடியாது. 2019இல் ‘மென்டல்’ என்று தலைப்பு வைத்த ஓர் இந்திப் படத்துக்கு மனநல மருத்துவர்கள் சங்கம் எதிர்ப்புத் தெரிவித்த பிறகு அந்தத் தலைப்பு மாற்றப்பட்டது. 2024 ஜூலை 8 அன்று உச்ச நீதிமன்றம், மாற்றுத் திறனாளிகளைத் திரையில் காட்டுவது பற்றிய வழக்கில், அவர்களை இழிவுபடுத்தும் சொற்களையும் ஒரே அச்சில் வார்த்த உருவங்களையும் தவிர்க்கச் சொன்னதோடு, அவர்களையும் கலந்தாலோசித்து எடுங்கள் என்றது. 2016ஆம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் சட்டப்படி மனநோயும் அந்தப் பட்டியலில் உண்டு. கலந்தாலோசிப்பது என்பதுதான் இதில் முக்கியமான வார்த்தை. டாக்டரிடம் கேட்டுக் கதை எழுதுகிறோம், அதுவும் அபூர்வமாக. அந்த நோயோடு 30 வருஷம் வாழ்ந்தவரிடம் கேட்டு எழுதிய தமிழ்ப் படம் ஒன்றை எனக்கு யாராவது காட்டினால் சந்தோஷப்படுவேன்.

தமிழ் எழுத்தில் அப்படி ஒரு குரல் இருந்தது. கோபி கிருஷ்ணன். மனநல ஆலோசனைத் துறையில் வேலை பார்த்தவர், தானும் மாத்திரைகளோடு வாழ்ந்தவர். அவருடைய உள்ளேயிருந்து சில குரல்கள் என்ற புத்தகத்தின் தலைப்பே நாம் பேசிக்கொண்டிருக்கும் விஷயம்தான்: மனநல விடுதியின் உள்ளே இருப்பவர்கள் அதில் தங்கள் வாயால் பேசுகிறார்கள். 2003இல் வறுமையோடேயே இறந்து போனார். பத்திரிகைகள் அவரை எழுத்தாளராகக் கொண்டாடியது அதற்குப் பின்னால்தான். அர்ஜென்டினாவின் தலைநகர் புவெனஸ் ஐரிஸில் போர்தா மனநல ஆஸ்பத்திரியில் 1991இலிருந்து ஒரு வானொலி நடக்கிறது, லா கொலிஃபாத்தா என்று பேர். உள்ளே இருப்பவர்களும் இருந்து போனவர்களும்தான் அறிவிப்பாளர்கள். மழை, கால்பந்து, காதல், அரசியல் எல்லாம் பேசுகிறார்கள். நோயைப் பற்றிப் பேசினாலும் பேசுவார்கள், பேசாவிட்டாலும் போகும். இதைச் சொன்னதும் சித்தப்பா கண்கள் அகல விரிந்தன. “கால்பந்தா?” என்றார்.

இதில் ஒரு கஷ்டமும் இருக்கிறது, அதை மறைத்தால் நான் நேர்மையாக எழுதியதாகாது. நோய் கூடிய நாட்களில் சித்தப்பா சொல்வதில் சிலது நடக்காதது. சுவருக்குள் யாரோ அவர் பேரைக் கூப்பிடுவார்கள். பேப்பரில் அவரைப் பற்றி மறைமுகமாக எழுதியிருப்பார்கள். அந்த நேரத்தில் ஒரு நிருபர் மைக்கை நீட்டி அவர் சொல்வதை அப்படியே போட்டால், அதுவும் குரல் கொடுத்ததாகுமா? ஆகாது என்றுதான் சித்தப்பாவே சொல்கிறார். அந்த நாட்களில் தான் பேசியதை எழுதக் கூடாது, தெளிந்த பிறகு அதே நாட்களைப் பற்றித் தான் சொல்வதை எழுதலாம் என்பது அவர் வகுத்த விதி. இன்று சரி என்று சொன்னதை நாளை வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் தனக்கு வேண்டும் என்றார். இந்தக் கட்டுரை அப்படி இரண்டு தடவை நின்று, இரண்டு தடவை மறுபடி தொடங்கியது. முழுதாக ஒரு பத்தி போய்விட்டது. அதில் என்ன இருந்தது என்று நான் சொல்லப் போவதில்லை.

பத்திரிகை வேலைக்கு இது ஒத்து வருமா, நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். அன்றைக்கு ராத்திரிக்குள் அச்சேற வேண்டிய செய்திக்கு முடியாதுதான். அப்படியென்றால் அன்றைக்கு அவர் பேரையும் படத்தையும் விட்டுவிட்டு, பத்து நாள் கழித்துப் போய் உட்காருவதற்கு என்ன தடை? கிரிக்கெட் வீரரின் முழங்கால் தேறிவிட்டதா என்று மாதக் கணக்கில் விசாரிக்கிறோம்.

போன மாதம் நானும் சித்தப்பாவும் கல்லாற்றுக்குப் போனோம், அதே வழி, அதே பஸ். ஊளம்பாறை பக்கம் வந்தபோது, “இங்க ரெண்டு தடவ இருந்திருக்கேன். உள்ள பெரிய மரமெல்லாம் உண்டு” என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சாயாக்கடை அதே இடத்தில் இருந்தது. அந்த அம்மாளுக்கு முகம் மறந்திருந்தது. இவர் பின்கோடைச் சொன்னதும் கையைப் பிடித்துக்கொண்டார். எத்தனையோ பேர் வரும் சாலை, அன்றைக்கு ஏன் எழுந்து வந்து கேட்கத் தோன்றியது என்று கேட்டேன். அவருக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. ஒருத்தர் வந்தால் பேர் கேட்க மாட்டார்களா என்றார்.

கடைசிப் பத்தியைத் தான் எழுதித் தருகிறேன் என்றார் சித்தப்பா. ஒரு எழுத்தும் மாற்றக் கூடாது என்றார். அது இது:

“அந்த வீடியோவில் நான் என்ன பேசிக்கொண்டிருந்தேன் என்று யாரும் கேட்கவில்லை. சொல்கிறேன். நான் கல்லை எண்ணிக்கொண்டிருந்தேன். அன்று தண்ணீர் குறைவு, கல் எல்லாம் வெளியே தெரிந்தது. பாலத்திலிருந்து வளைவு வரை 112 எண்ணியிருந்தேன். அப்போதுதான் அந்தப் பையன் கூப்பிட்டான், கணக்கு விட்டுப் போயிற்று. இந்தத் தடவை போனபோது மழை பெய்து தண்ணீர் கூடுதலாக இருந்தது. பாதிக் கல் தெரியவில்லை. தை மாதம் மறுபடி போக வேண்டும்.”